கண்ணாடிக்குள் கடல்: சிறைவாழ் கடல்மீன்களின் தோல் நோயும் சென்னைக் காட்சியக வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தொட்டியிலும் வலைக்கூண்டிலும் அடைத்து வளர்க்கப்படும் கடல்மீன்களுக்கு வரும் பாக்டீரியாத் தோல் நோய்கள், நுண்ணுயிரியல் சார்ந்த செய்தியாகவே பெரும்பாலும் அணுகப்படுகின்றன. இந்நோய்களைக் கடல்மீனை அடைத்துவைத்த மனித முயற்சியின் வரலாற்றோடு இணைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. 1909இல் சென்னை மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகம், மண்டபத்திலும் முட்டுக்காட்டிலும் நடைபெற்ற கடல்மீன் இனப்பெருக்க ஆய்வுகள், கடலிலிருந்து விலகிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம் ஆகியவை இதற்கு இடப்பின்னணியாக அமைகின்றன. நோய்க்கிருமிகளுக்குப் பெயர் கிடைத்த இடங்களுள் பெரும்பாலானவை மீன் அடைபட்ட இடங்கள் என்பதும், எனவே மருந்துக்கு முன்னதாக நீரையும் காயத்தையும் நெருக்கத்தையும் ஆராய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச் சொற்கள்: கடல்மீன் காட்சியகம், மெரினா, விப்ரியோ, தோல் புண், மண்டபம், ஸ்ரீபெரும்புதூர்.

முன்னுரை

நோயின் வரலாறு பெரும்பாலும் கிருமியைக் கண்டறிந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மனித நோய்களைப் பொறுத்தவரை இப்போக்கு பல காலமாகக் கேள்விக்குள்ளாகியுள்ளது. காலராவை எழுதுபவர் குடிநீரையும், பிளேக்கை எழுதுபவர் துறைமுகத்தையும் தானியக் கிடங்கையும் எழுதாமல் இருக்க இயலாது. விலங்கு நோய்களின் வரலாற்றில், அதிலும் மீன் நோய்களின் வரலாற்றில், இத்தகைய பார்வை தமிழ் ஆய்வுலகில் இன்னும் பரவலாகவில்லை.

கடல்மீனின் தோல் நோய் இதற்குத் தக்க சான்று. துடுப்பு அழுகல், செதில் உதிர்தல், சிவந்த கொப்புளம், ஆறாத புண் எனக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சிலவே. அவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களோ பல. அவற்றுள் பெரும்பாலானவை கடல்நீரில் இயல்பாகவே வாழ்பவை. எப்போதும் உடனிருக்கும் ஓர் உயிர் எந்தச் சூழலில் நோய்க்கிருமியாக மாறுகிறது என்ற வினாவே இங்கு முதன்மை பெறுகிறது. அதற்கான விடை ஆய்வகத்தில் பாதியும் வரலாற்றில் பாதியுமாகக் கிடக்கிறது.

மீனின் தோல்: ஓர் எல்லை

மனிதத் தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆனது. மீனின் மேற்தோல் செதில்களுக்கு மேலே உயிருள்ள செல்களாகவே அமைந்து, சளிப்படலத்தால் மூடப்பட்டிருக்கிறது. பாக்டீரியாவைச் சிதைக்கும் லைசோசைம் முதலிய நொதிகளும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் இச்சளியில் உள்ளன. கையில் பிடிக்கும்போது நழுவும் அந்த வழவழப்பே மீனின் முதல் அரண் எனலாம். உலர்ந்த கை, கரடுமுரடான வலை, தொட்டியின் சுவர், மற்றொரு மீனின் பல் ஆகியவற்றுள் எதுவும் அவ்வரணில் விரிசல் ஏற்படுத்தக்கூடும்.

கடல்மீனுக்குத் தோல் மற்றொரு வகையிலும் எல்லையாகிறது. எலும்பு மீன்களின் உடல் திரவத்தில் உள்ள உப்பின் செறிவு, கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எனவே மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாது கடலுக்குள் கசிகிறது. இழப்பை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தோலில் ஒரு பெரும்புண் தோன்றினால் இச்சமநிலை குலைகிறது. கடலுக்குள் இருந்தபடியே மீன் நீரிழப்பால் வாடுகிறது. தோல் நோயால் மீன் இறப்பதற்குக் கிருமியின் நஞ்சோடு இக்கசிவும் காரணமாகிறது. புண்ணின் அளவு சிறிதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிதாவது இதனால்தான்.

கண்ணாடியும் கடல்நீரும்

கடல்மீனைக் கரையில் உயிரோடு வைத்துப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. அதற்கு ஒரு பொருளியல் பின்னணி உண்டு. பிரிட்டனில் கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீக்கப்பட்டதும் கண்ணாடி மலிந்தது. 1853இல் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் மீன் மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் அக்வேரியம் என்ற சொல்லைப் பரவலாக்கியது. கடலிலிருந்து தொலைவில் வாழ்வோருக்காக உப்புகளைக் கலந்து கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் அக்காலத்திலேயே வெளியிட்டார்.

இத்தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் பொதிந்திருந்தது. கடலில் மீனின் கழிவு விரிந்த நீர்ப்பரப்பில் கரைந்து மறைகிறது. தொட்டியில் அது அம்மோனியாவாகத் தேங்கிச் செவுளையும் சளிப்படலத்தையும் அரிக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களைச் செர்கே வினோகிராத்ஸ்கி 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்துக் காட்டினார். தொட்டியில் மீனைக் காப்பதும் பாக்டீரியா, அழிப்பதும் பாக்டீரியா என்ற இரட்டை நிலை இதனால் புலப்பட்டது. எனினும் வடிகட்டியை ஓர் உயிருள்ள அமைப்பாக மதித்துப் பேணும் நடைமுறை பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை பழைய நீரை மாற்றுவதும் இறந்த மீனுக்குப் பதில் புதிய மீனை விடுவதுமே காட்சியகங்களுக்குக் கைகொடுத்த வழிகள்.

1909: சென்னையும் பால்டிக் கரையும்

சென்னையில் கடல்மீன் காட்சியகம் அமைக்கும் எண்ணம், 1900 முதல் 1906 வரை ஆளுநராக இருந்த ஆம்ப்தில் பிரபுவின் காலத்தில் எழுந்தது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக எட்கர் தர்ஸ்டன் இருந்த காலத்தில் திட்டம் உருப்பெற்று, 1909இல் மெரினாவில் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. 1919 வரை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த இந்நிறுவனம் பின்னர் மீன்வளத் துறைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சம் நகரைச் சூழ்ந்த 1942இல் அது மூடப்பட்டது.

சென்னை மக்களின் வழக்கில் எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ என்றும், அதன் வளாகத்தில் 1855இல் தோன்றிப் பின்னர் பீப்பிள்ஸ் பூங்காவுக்கு மாறிய விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கப்பட்டன. பாடம் செய்யப்பட்ட உடல்களைக் காக்கும் நிறுவனமே பத்து ஆண்டுகள் உயிருள்ள கடல்மீன்களையும் காத்தது என்பது இவ்விரு பெயர்களின் பின்னணியில் பொருள் மிகுந்ததாகிறது. அருங்காட்சியகம் இனங்களைச் சேகரிக்கும் இடம். ஒரு மாதிரி கெட்டால் அவ்வினத்தின் மற்றொரு மாதிரியைக் கொண்டு அவ்விடத்தை நிரப்புவது அதன் இயல்பான நடைமுறை. கடல் எதிரிலேயே இருக்கும்போது உயிருள்ள மீனும் அதே தர்க்கத்துக்குள் எளிதில் வந்துவிடும். தனி மீனின் நோய் பதிவுக்குரிய செய்தியாவதற்கு, அம்மீன் ஈடுசெய்ய இயலாததாக இருக்க வேண்டும்.

1919ஆம் ஆண்டின் நிர்வாக மாற்றம் இவ்வகையில் கவனத்துக்குரியது. சென்னை மாகாண மீன்வளத் துறை, பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் உருவானது. மீன் அங்கு உணவாகவும் வாழ்வாதாரமாகவும் மதிக்கப்பட்டது. காட்சிப்பொருளாக இருந்த மீன், வளப்பொருளை ஆராயும் துறையின் கைக்கு வந்தது. காட்சிக்காக அடைக்கப்பட்ட மீனிலிருந்து உற்பத்திக்காக அடைக்கப்பட்ட மீனை நோக்கிய நெடும்பயணத்தின் முதற்படி இது எனக் கொள்ளலாம்.

மெரினாக் காட்சியகம் திறக்கப்பட்ட அதே 1909இல், சுவீடனைச் சேர்ந்த பெர்க்மன் பால்டிக் கரையில் விலாங்கு மீன்களைத் தாக்கிய சிவப்புக் கொப்புள நோயை ஆராய்ந்து, அதன் கிருமிக்கு விப்ரியோ ஆங்குயில்லாரம் எனப் பெயரிட்டார். இரு நிகழ்வுகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு எதையும் இக்கட்டுரை கோரவில்லை. கடல்மீனை அடைத்துப் பார்க்கும் நிறுவனமும், கடல்மீனின் தோலைச் சிதைக்கும் கிருமிக்கான பெயரும் ஒரே காலகட்டத்தின் விளைவுகள் என்பதே இங்குச் சுட்டப்படுகிறது.

பெயர்கள் பிறந்த இடங்கள்

விலாங்கின் இந்நோய் பெர்க்மனுக்கு மிகவும் முற்பட்டது. இத்தாலியின் கொமாக்கியோ உப்பங்கழிகளில் விலாங்குகளிடையே பரவிய செந்நோயைப் பொனாவேரி 1718இலேயே குறிப்பிட்டார். 1893இல் கனெஸ்திரினி அதனை ஒரு பாக்டீரியாவோடு தொடர்புபடுத்தினார். கடலுக்குத் திரும்ப முயலும் விலாங்குகளைத் தடுப்புகளால் மறித்துத் திரட்டிப் பிடிக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றது கொமாக்கியோ. மீன் நெருக்கமாகத் திரண்ட இடத்தில்தான் நோய் முதலில் மனிதர் கண்ணில் பட்டது.

அமெரிக்காவின் பிலடெல்பியாக் காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களை ஆராய்ந்த ஆரன்சன், 1926இல் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியை விவரித்தார். காசநோய்க் கிருமியின் உறவினமான இது, மீனில் மெலிவையும் தோல் புண்ணையும் உள்ளுறுப்புகளில் முடிச்சுகளையும் உண்டாக்கும். ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் நன்கு வளரும் இக்கிருமி, மனித உடலின் உள்வெப்பத்தில் எளிதில் வளர்வதில்லை. எனவே அது மனிதரில் குளிர்ந்த பகுதிகளான விரல், புறங்கை, முழங்கை ஆகியவற்றையே பெரும்பாலும் பற்றுகிறது. 1962இல் மீன்தொட்டியில் சிராய்த்த கையில் தோன்றிய இத்தகைய கட்டிகள் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டன. கண்ணாடியின் இருபுறமும் ஒரே நோய் நிகழக்கூடும் என்பதை உணர்த்திய பதிவு அது.

ஜப்பானில் ஹிரோஷிமாப் பகுதியின் மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் பிறந்த கடல் பிரீம் குஞ்சுகளிடையே பரவிய ஒரு நோயை மசுமுராவும் வகபயாஷியும் 1977இல் அறிவித்தனர். வாய் அரிப்பு, கிழிந்த துடுப்பு, வால் அழுகல் ஆகியவை அதன் அடையாளங்கள். 1986இல் பிளெக்சிபாக்டர் மாரிடிமஸ் எனப் பெயர் பெற்ற அக்கிருமி, 2001இல் டெனாசிபாக்குலம் மாரிடிமம் என மறுபெயரிடப்பட்டது. இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. வளர்ப்பூடகத்தில் சாதாரண உப்பை மட்டும் சேர்த்தால் இது வளராது. கடல்நீரின் பிற கனிமங்களும் அதற்குத் தேவை. பொரிப்பகத்தில் மனிதர் உருவாக்கிய கடலிலும் இக்கிருமி தனக்கான கடலைக் கண்டுகொண்டது.

இவ்வரிசைக்கு ஒரு மறுப்பும் உண்டு. தெற்குக் கலிபோர்னியாக் கடலில் டாம்செல் மீன்களின் தோல் புண்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு கிருமிக்கு 1981இல் விப்ரியோ டாம்செலா எனப் பெயரிடப்பட்டது. அம்மீன்கள் அடைபட்டவை அல்ல. எனவே தோல் நோய் சிறையில் மட்டுமே பிறக்கிறது என்று கூறுதல் பிழையாகும். ஆனால் அதே கிருமி கடல்நீரிலும் மனிதப் புண்களிலும் கண்டறியப்பட்டது. கிருமி எங்கும் உள்ளது என்பதற்கே இது சான்றாகிறது. அடைப்பு கிருமியைப் படைப்பதில்லை. கிருமியும் காயமும் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பை அது பெருக்குகிறது.

உடனிருப்பும் காரணமும்

புண்ணில் காணப்படும் பாக்டீரியா அப்புண்ணின் காரணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தெற்காசியாவின் அண்மைக்கால வரலாறு இதற்கு வலுவான சான்று தருகிறது. 1971இல் ஜப்பானிலும் 1972இல் ஆஸ்திரேலியாவிலும் அறியப்பட்ட ஒரு புண் நோய், தென்கிழக்காசியா வழியே பரவி 1987இல் இலங்கையையும் 1988இல் இந்தியாவையும் அடைந்தது. நன்னீர் மீன்களையும் கழிமுக மீன்களையும் அது தாக்கியது. புண்களில் ஏரோமோனாஸ் பாக்டீரியா மீண்டும் மீண்டும் கிடைத்ததால் அதுவே முதற்காரணம் எனப் பலர் கருதினர். பூஞ்சையை ஒத்த அபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்ற உயிரியே அடிப்படைக் காரணி என்பது 1990களில் நிறுவப்பட்டது. பாக்டீரியா, திறந்த புண்ணுக்குள் பின்னர் நுழைந்த விருந்தாளி.

கடல்மீன் தொட்டிக்கும் இப்பாடம் பொருந்தும். ஒட்டுண்ணி கடித்த இடம், வலை உரசிய இடம், அம்மோனியா அரித்த இடம் ஆகியவற்றில் விப்ரியோ குடியேறலாம். ஆய்வகம் விப்ரியோவையே காணும். மருந்து விப்ரியோவைக் கொன்ற பின்னரும் ஒட்டுண்ணியோ அம்மோனியாவோ எஞ்சியிருந்தால் புண் மீண்டும் தோன்றும். கிருமியை மட்டும் எழுதும் வரலாற்றின் குறையும் கிருமிக்கு மட்டும் மருந்திடும் சிகிச்சையின் குறையும் ஒன்றே.

காட்சியிலிருந்து வளர்ப்புக்கு

மெரினாக் காட்சியகம் மூடப்பட்ட ஐந்து ஆண்டுகளில், 1947இல், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1949இல் மண்டபத்துக்கு மாறிய அதன் தலைமையகம் 1971இல் கொச்சிக்குச் சென்றபோதும், மண்டபம் முதன்மையான ஆய்வு மையமாகத் தொடர்ந்தது. 2010இல் கடல் விராலும் 2011இல் வெள்ளிப் பொம்பனோவும் அங்கு அடைப்பில் இனப்பெருக்கம் செய்யப்பட்டன. 1987இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், முட்டுக்காட்டில் கொடுவா மீனின் இனப்பெருக்கத்தை 1997இல் நிகழ்த்திக் காட்டியது.

இம்மாற்றம் நோயின் பொருளை மாற்றியது. காட்சியகத்தில் ஒரு மீன் இறந்தால் ஒரு தொட்டி வெறுமையாகும். பொரிப்பகத்தில் சினைமீன் ஒன்று இறந்தால் பல்லாயிரம் குஞ்சுகள் இல்லாமல் போகும். வலைக்கூண்டில் நோய் பரவினால் கடன் வாங்கி முதலிட்ட மீனவக் குடும்பம் ஒரு பருவத்தின் வருவாயை இழக்கும். ஈடுசெய்யத்தக்கதாக இருந்த மீன் ஈடுசெய்ய இயலாததாக மாறியபோது, அதன் தோலில் தோன்றும் ஒரு சிவப்புப் புள்ளியும் பதிவுக்குரியதாயிற்று.

இழப்பின் அச்சம் மருந்தை நோக்கித் தள்ளுவது இயல்பே. நார்வேயின் வரலாறு இங்கு ஒப்பிடத்தக்கது. 1987இல் அந்நாட்டின் மீன்வளர்ப்பில் ஏறத்தாழ 50 டன் நுண்ணுயிர்க்கொல்லிகள் பயன்பட்டன. விப்ரியோ முதலிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளும், பண்ணைகளை இடைவெளி விட்டு அமைத்தலும், அறுவடைக்குப் பின் கூண்டிடத்தை வெறுமையாக விடுதலும் பரவிய பின்னர், 1990களின் நடுப்பகுதியில் அந்த அளவு ஓரிரு டன்களாகக் குறைந்தது. அதே காலத்தில் உற்பத்தி பெருகியது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் முதலிய மருந்துகள் இங்கு நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடை செய்யப்பட்டுள்ளன. தடை ஒருபாதி மட்டுமே. தடுப்பூசியும் இடைவெளியும் ஓய்வும் மறுபாதி என்பது நார்வேயின் அனுபவம்.

கடலற்ற நிலத்தில் கடல்மீன்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம்–வடகால் எனச் சிப்காட் பூங்காக்களால் இணைந்த தொழில் வட்டாரம், ஏரிகளின் நிலமாகிய பழைய செங்கழுநீர்ப் பட்டு வட்டாரங்களின் ஒரு பகுதி. கடல் இங்கிருந்து கண்ணுக்கு எட்டாத தொலைவு. எனினும் கடல்மீன் தொட்டியின் வரலாற்றோடு இவ்விடத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. செயின்ட் கோபைன் நிறுவனத்தின் தட்டைக் கண்ணாடித் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்குகிறது. இலண்டனில் 1845க்குப் பின் மீன் தொட்டியைப் பரவலாக்கிய அதே பொருள், இன்று இவ்வட்டாரத்தின் விளைபொருள்களுள் ஒன்று.

இத்தகைய உள்நாட்டுப் பகுதியில் அலுவலக முகப்பிலோ வீட்டுக் கூடத்திலோ கடல்மீன் தொட்டி அமைப்பவர், கோஸ் காலத்து வினாவையே மீண்டும் எதிர்கொள்கிறார். மெரினாவில் கடல் எதிரே இருந்தது. இங்குக் கடல்நீர் முழுவதும் உப்புக் கலவையாலும் ஆழ்துளை நீராலும் தயாரிக்கப்பட வேண்டும். கோடையில் மின்தடையின்போது நீரின் வெப்பம் உயரும். வெப்பம் உயர உயர நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும், விப்ரியோ பெருகும். ஆவியாதலால் உப்பின் செறிவு கூடும். வடிகட்டி நின்றால் சில மணி நேரத்தில் அம்மோனியா தேங்கத் தொடங்கும். பிடிபட்ட இடத்திலிருந்து பல கைகள் மாறி வந்த மீனின் தோலில் காயம் ஏற்கனவே இருக்கக்கூடும். கடலிலிருந்து விலகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் நீரைக் காக்கும் பொறுப்பை மனிதரிடம் கூடுதலாக ஒப்படைக்கிறது.

இப்பொறுப்பின் சுமை பெரும்பாலும் தொட்டியைக் கண்டு மகிழ்பவர்மீது விழுவதில்லை. அதைக் கழுவும் பணியாளர்மீதே விழுகிறது. விரலில் சிராய்ப்போடு வெறுங்கையால் தொட்டியைத் துடைப்பவருக்கு, வாரங்கள் கழித்துத் தோன்றும் ஆறாத கட்டியை மருத்துவரிடம் காட்டும்போது மீன்தொட்டியைப் பற்றிச் சொல்லத் தோன்றாமல் போகலாம். மருத்துவரும் அதைக் கேட்காமல் விடலாம். கையுறையும், புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்தலும், மருத்துவரிடம் தொழிலைச் சொல்லுதலும் ஆகிய எளிய வழக்கங்கள் 1926க்கும் 1962க்கும் இடைப்பட்ட அறிவிலிருந்து நேரடியாகப் பெறத்தக்கவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, கடல்மீன் தோல் நோய்களின் அறிவு கொமாக்கியோவின் மறிப்புகளிலும் பிலடெல்பியாவின் தொட்டிகளிலும் ஹிரோஷிமாவின் பொரிப்பகங்களிலும் உருவானது. அடைப்பே நோயைப் பெருக்கியது, அடைப்பே அதைக் கண்ணுக்குப் புலப்படுத்தியது. இரண்டாவதாக, சென்னைக் காட்சியகத்தின் வரலாற்றைத் திறப்பு, நிர்வாக மாற்றம், மூடல் என்ற மூன்று ஆண்டுகளோடு முடித்துக்கொள்வது போதாது. அங்கு வாழ்ந்து இறந்த மீன்களின் நிலை அருங்காட்சியக வரலாற்றுக்கும் மீன்வள வரலாற்றுக்கும் பொதுவான ஆய்வுக்களமாகும். மூன்றாவதாக, மீன் ஈடுசெய்யத்தக்கதாகக் கருதப்படும் வரை அதன் நோய் பதிவாவதில்லை. அலங்காரத் தொட்டியின் மீன்கள் இன்றும் அந்நிலையிலேயே உள்ளன.

தோலில் புண் தோன்றிய கடல்மீனைக் காண்பவர் முதலில் கேட்க வேண்டியவை, நீர் எத்தனை நாள் பழையது, மீன் எவ்வாறு பிடிபட்டது, உடன் எத்தனை மீன்கள் உள்ளன என்ற மூன்று வினாக்கள். எந்த மருந்து என்ற வினா அவற்றுக்குப் பின்னரே வரும். முந்நூறு ஆண்டுக்காலப் பதிவுகள் இவ்வரிசையையே வலியுறுத்துகின்றன.